நூரான் அப்லாவின் ரொட்டி

1

போன வாரம் அவிநாசியிலிருந்து நங்கை போன் செய்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நலம் விசாரித்து, இங்கே பனி விழுகிறதா என்று விசாரித்து, என் இடுப்பு வலியையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மிணி, நீங்க வந்தப்ப ஒரு துருக்கி ரொட்டி செஞ்சீங்கல்லங்க, உள்ளுக்குள்ள கீரை வெச்சு மடிச்சு? அது எப்பிடீன்னு எழுதி அனுப்புங்க. எங்க லேடீஸ் கிளப்புல வெளிநாட்டுச் சமையல் போட்டி வெக்கறாங்க. எல்லாரும் பீட்சாதான் கொண்டாருவாங்க. நாம ஆரும் பாக்காததா ஒண்ணு கொண்டு போகோணுமுங்க."

"அனுப்பறனுங்க நங்கை," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தேன். மைதா மாவு மூன்று டம்ளர். உப்பு. வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு கரண்டி எண்ணெய். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். இந்த அரை மணி நேரத்தில் கை வைக்கவே கூடாது. அவசரப்பட்டுத் தேய்த்தால் மாவு பின்னால் இழுத்துக்கொள்ளும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெஷினிலிருந்து வந்த துணியை ஆற விடாமல் கட்டிங் டேபிளில் போட்டு வெட்டினால் சட்டை எப்படிச் சுருங்கும் என்று நமக்குத் தெரியும்.

அதற்குமேல் கை ஓடவில்லை. நங்கைக்குச் செய்முறை போதும். எனக்குப் போதவில்லை. இந்த ரொட்டியை யார் கற்றுக்கொடுத்தார்கள், அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதை விட்டுவிட்டு மாவும் உப்பும் மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய். பொய் சொன்ன வரைக்கும் போதும்.

2

இஸ்தான்புல்லுக்கு நாங்கள் வந்தது 2001-இல். எங்கள் வீட்டுக்காரர் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்தார். ஐரோப்பாவில் கடைகள் வைத்து நம் துணி வாங்கும் பையர் ஒருவர் இங்கே ஆபீஸ் திறந்து, இவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். மகள் ஹரிணிக்கு அப்போது ஆறு வயது.

ஊரில் எல்லாரும் நான் ஏதோ அரண்மனைக்குப் போகிறதாக நினைத்தார்கள். வந்து இறங்கிய தெருவில் பார்த்தால் அயர்ன் நீராவி வாசம், பஞ்சுத் தூசி, கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். திருப்பூர் மங்கலம் ரோட்டிலிருந்து விமானம் ஏறி மங்கலம் ரோட்டிலேயே இறங்கியிருந்தேன். குளிர் மட்டும்தான் கூடுதல்.

நூரான் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருந்தாள். நாற்பத்தாறு வயது. புருஷன் இறந்து பல வருடம். ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவள். திருநெல்வேலியிலிருந்து திருப்பூருக்கு வருகிறவர்கள் மாதிரி. அடுத்த தெருவில் ஒரு தையல் பட்டறையில் பையருக்குக் காட்டுகிற சாம்பிள் தைப்பவள். அந்தப் பட்டறைக்கு ஆர்டர் கொடுத்ததே எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸ்தான். ஊரில் வேலையாட்களுக்கும் 'ங்க' போட்டுப் பேசியே வளர்ந்த நான், இவளை மட்டும் அவள் இவள் என்று எழுதுகிறேன். அக்காவை அப்படித்தானே சொல்வோம். இங்கே அக்காவுக்கு அப்லா என்று பெயர்.

அவள் எனக்கு என்ன செய்தாள் என்று முழுதாக எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த நாட்டில் தங்குவதற்கு வருடா வருடம் அனுமதி அட்டை புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை நான் தனியாகப் போனேன். ஆபீஸ் ஜன்னலில் இருந்தவனுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் சாந்தாமணி பொன்னுசாமி. பொன்னுசாமி என் அப்பா. வீட்டுக்காரர் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பா. ஹரிணிக்குப் பின்னால் அவளுடைய அப்பா. மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர் என்றால் இது என்ன குடும்பம் என்று கேட்டு, காகிதங்களைத் திருப்பித் தள்ளிவிட்டான். நான் எனக்குத் தெரிந்த துருக்கி மொழியில் என்னவோ சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமென்ன.

மறுநாள் நூரான் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. காலை ஏழு மணியிலிருந்து நின்றாள். ஜன்னல்காரனிடம் அவள் போட்ட சத்தத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. "இவ என் தங்கச்சி. இவ புருஷன் யாரு, பிள்ளை யாருன்னு நான் சொல்றேன், எழுதிக்கோ," என்றாள். அவன் எழுதிக்கொண்டான். அன்று முதல் எல்லா ஆபீசிலும் என்னைப் 'பொன்னுசாமி அம்மா' என்று என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அட்டை கிடைத்தது.

ஹரிணி பள்ளிக்கூடம் விட்டு நேரே கீழ்வீட்டுக்குத்தான் போவாள். அங்கேயே தின்று, அங்கேயே வீட்டுப்பாடம் எழுதி, இருட்டின பிறகு மேலே ஏறி வருவாள். கனவில் உளறினால் துருக்கியில் உளறினாள். நான் தமிழில் கேட்டால் அவள் துருக்கியில் பதில் சொல்வாள். 'தமிழ்ல சொல்லு கண்ணு' என்றால் சலித்துக்கொண்டு சொல்வாள். என் பிள்ளை என் மடியிலிருந்து இறங்கி இன்னொருத்தி மடிக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிந்ததும் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் நூரான் வீட்டில் கொஸ்லெமே. அந்த ரொட்டிக்கு இங்கே அதுதான் பெயர். தரையில் துணி விரித்து, முக்காலி உயரத்தில் ஒரு வட்டப் பலகை. கைவிரல் தடிமனில், கை நீளத்துக்கு ஒரு கட்டை. ஆறிய மாவை எலுமிச்சை அளவு உருட்டி அந்தக் கட்டையில் சுற்றிச் சுற்றித் தேய்த்தால், கீழே பலகையின் கோடு தெரிகிற அளவுக்கு விரியும். பாதியில் பொடியாக நறுக்கிய பாலக் கீரை, வெங்காயம், உதிர்த்த உப்புப் பாலாடைக்கட்டி. மறுபாதியை மேலே மடித்து ஓரத்தை அழுத்தி, கவிழ்த்துப் போட்ட இருப்புச்சட்டியில் இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாகச் சிவக்க விட்டு, இறக்கும்போது வெண்ணெய் தடவ வேண்டும். கீரையைக் கழுவினால் நன்றாகப் பிழிந்துவிட வேண்டும், நங்கை. ஈரம் இருந்தால் ரொட்டி உள்ளுக்குள் அவிந்து கிழியும்.

2005. கோட்டா போன வருடம். அதுவரை எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது போனதும் பையர்கள் எங்கே மலிவோ அங்கே ஓடினார்கள். திருப்பூரில் அதைக் கொண்டாடியதைப் போனில் கேட்டேன். இங்கே பட்டறைகளில் அவ்வளவு கொண்டாட்டம் இல்லை.

மே மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார். "பேபி டி-ஷர்ட் ஆர்டர் பூராவும் இங்கிருந்து மாத்தறமுங்க. உங்க அண்ணன் யூனிட்டுக்குத்தான் பேசியிருக்கறேன்."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அண்ணன் அப்போது சின்னத் தையல் யூனிட் வைத்து, அடுத்தவர் ஆர்டருக்கு ஜாப் ஒர்க் செய்து நொந்துபோயிருந்தார். நேரடி ஆர்டர் கிடைத்தால் தலை நிமிர்ந்துவிடுவார். அதற்குப் பிறகுதான் நூரான் ஞாபகம் வந்தது.

"அப்ப நூரான் பட்டறை?"

"என்ன பண்றது? நாம குடுக்காட்டி சைனாக்காரனுக்குப் போகப் போகுது. எப்பிடியும் இங்க நிக்காது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஆறு சைஸ்லயும் சாம்பிள் செட்டு அந்தம்மாதான் தெக்குது. அது முடிஞ்சு பையர் ஓகே பண்ணுற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. பாதியில அந்தம்மா நின்னுட்டா சாம்பிள் லேட்டாகும். உங்க அண்ணனுக்கு மொதோ ஷிப்மென்ட்டே போயிரும். வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

சரி என்று தலையாட்டினேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூரான் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் கீரை பிழிந்துகொண்டிருந்தேன். அவள் கட்டையை நிறுத்தாமலே கேட்டாள்.

"சாந்தா, திரைச்சீலை தைக்கிற ஃபாக்டரி ஒண்ணுல என்னைக் கூப்பிடறாங்க. பஸ்ல போகணும், கொஞ்சம் தூரம். ஆனா பெரிய இடம். இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும். பட்டறை முதலாளி நல்ல மனுஷன், சீசன் நடுவுல விட்டுட்டுப் போறதுக்கு மனசு வரல. உன் புருஷன் ஆபீஸ்தானே எங்களுக்கு ஆர்டர் குடுக்குது. ஆர்டரெல்லாம் நல்லா வருதா? நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

அதிகாரிகளையே அதட்டியவள் என்னிடம் யோசனை கேட்டாள். தங்கச்சி பொய் சொல்லமாட்டாள் என்று கேட்டாள். சாம்பிள் செட்டில் இன்னும் நாலு சைஸ் பாக்கி இருந்தது.

"பழகின இடம்தான் நல்லது அப்லா. இருங்க," என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள். சூடான ரொட்டியை நாலாக வெட்டி, முதல் துண்டை என் கையில் வைத்தாள். நான் தின்றேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் உண்டுகொண்டே செய்தவள் நானாகத்தான் இருப்பேன்.

4

சாம்பிள் செட் முடிந்தது. பையர் ஓகே சொன்னார். அதைப் பார்த்துத்தான் அண்ணன் யூனிட்டில் தைக்க வேண்டும். கூரியரில் போட்டால் நாலு பேர் கண்ணில் படும் என்று வீட்டுக்காரருக்குப் பயம். நம் தொழிலில் இது புதிதில்லை. ஊருக்குப் போகிற யார் பெட்டியிலாவது வீட்டுத்துணி மாதிரி மடித்து வைத்து அனுப்பிவிடுவோம். ஜூன் கடைசியில் ஹரிணியின் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பினோம். மஞ்சள் வாத்து ஒட்டித் தைத்த குழந்தைச் சட்டைகள், சைஸுக்கு இரண்டு, என் புடவைகளுக்கு நடுவே இருந்தன.

கிளம்புகிற அன்று நூரான் மேலே வந்து, ரொட்டி தேய்க்கிற கட்டை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஊரில் எல்லாருக்கும் செய்து கொடு என்றாள். பெட்டி மூடாமல் முரண்டு பிடித்தது. அவளே அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துவிட்டாள். தான் தைத்த சட்டைகள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

அவிநாசியில் அண்ணன் கோயில் தேரை வரவேற்பது மாதிரி வரவேற்றார். மறுநாளே யூனிட்டுக்குக் கூட்டிப் போனார். நாற்பது மெஷின், பாதி கடனில் வாங்கியது. ஃபேனும் ரேடியோவுமாக ஒரே இரைச்சல். சாம்பிள் டெய்லர் ரோஸி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வாத்துச் சட்டையை வாங்கி, உள்பக்கம் திருப்பி, கழுத்துத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு கை இது? ஒரு நூலு பிசிறு இல்ல, பாத்தியளா. வாத்துக்கு மூக்கைச் சுத்தி எம்புட்டு பொறுமையா திருப்பியிருக்காவ. இப்பிடி வரணும்னா எனக்கு ரெண்டு நாளாவது பழகணும்க்கா."

பக்கத்தில் நின்ற ஹரிணி சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். தமிழில் பேசச் சொல்லித் தினமும் கெஞ்ச வேண்டிய பிள்ளை, பெருமையில் தானாகவே தமிழில் சொன்னாள். "இது நூரான் பெரியம்மா தெச்சது. அவங்க ஊட்டுல எனக்கு இதே வாத்து ஒண்ணு தெச்சுக் குடுத்தாங்க."

"அப்பிடியா கண்ணு?" என்று ரோஸி சிரித்தாள். "சரிதான். இந்த ஆர்டர் இங்க வந்துட்டுன்னா, அவுக இப்ப என்ன தைக்காவளோ?"

அண்ணன் டீ சொல்லிவிட்டார்.

நங்கை கேட்கிற ரொட்டியை அந்த வாரக் கடைசியில்தான் செய்தேன். உப்புப் பாலாடைக்கட்டி கிடைக்கவில்லை. பனீரை உதிர்த்து உப்பும் சீரகமும் போட்டேன். பாலக்குக்குப் பதில் முருங்கைக்கீரை. அதை முதலில் வதக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். இருப்புச்சட்டிக்குத் தோசைக்கல். ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் அண்ணன் யூனிட் ஆட்கள் எல்லாருக்கும் செய்யச் சொல்லிவிட்டார். நூரானின் கட்டையில் நூறு ரொட்டிக்குமேல் தேய்த்தேன்.

"நல்லா இருக்குதுங்க அம்மிணி, சப்பாத்திக்கும் போளிக்கும் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி," என்று மூன்றாவதை எடுத்த அண்ணன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "என்ற தங்கச்சி கையி ராசியான கையி. அவ கொண்டாந்த சாம்பிளு, இனி நமக்கு எறங்குமொகமே இல்ல."

அவர் சொன்னது பலித்துவிட்டது. இன்றைக்கு அவருக்கு மூன்று யூனிட். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். கூடப் பிறந்தவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? தப்பு அங்கே இல்லை. ஆர்டர் எங்கேயோ போகத்தான் போயிருக்கும். நூரானைப் போகாதே என்று சொல்ல நான் தேவையாக இருந்தேன் பாருங்கள், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

5

செப்டம்பரில் திரும்பினோம். அடுத்த தெரு வழியாக டாக்சி வரும்போதே பட்டறையின் இரும்புக் கதவு இறங்கியிருப்பதைப் பார்த்தேன். எங்களுக்கு மேல்வீட்டுக்காரி படியிலேயே சொல்லிவிட்டாள். ஆகஸ்டில் மூடியாயிற்று. வர வேண்டிய ஆர்டர் வரவில்லையாம். எங்கே போயிற்று என்று முதலாளிக்கே தெரியவில்லையாம். நூரான் அந்தத் திரைச்சீலை ஃபாக்டரிக்குப் போய்க் கேட்டாளாம். அந்த இடத்துக்கு ஆள் போட்டு மூன்று மாதம் ஆகிவிட்டதாம். இப்போது யார் வீட்டிலோ படி கழுவுகிறாளாம்.

பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, நூரான் வந்துவிட்டாள். கையில் மூடிய தட்டு. பயணம் செய்து வந்தவர்கள் சமைக்கக் கூடாது என்று நாலு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். விரல்கள் சோப்புத் தண்ணீரில் வெளுத்து வெடித்திருந்தன. தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் ரொட்டி எப்படி வந்தது என்று கேட்டாள்.

ஹரிணி அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த துருக்கியெல்லாம் கொட்டியது. யானை பார்த்தேன், தேர் பார்த்தேன், மாமா கம்பெனி பார்த்தேன். நான் அடுப்படிக்குப் போய்த் தேநீர்ச் சாமானை உருட்டினேன். அப்படியும் காதில் விழுந்தது.

"பெரியம்மா, உங்க மஞ்சள் வாத்துச் சட்டை இருக்குல்ல, அது மாமா கம்பெனில நிறைய! மலை மாதிரி! அம்மாதான் பெட்டியில எடுத்துட்டுப் போனாங்க. தைக்கிற அக்கா உங்க கை ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

நான் தேநீரை எடுத்துக்கொண்டு வந்தேன். வராமல் எத்தனை நேரம் அடுப்படியில் நிற்பது?

நூரான் என்னைப் பார்த்துக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நாலு வருடம் அவளிடம் கற்ற மொழி, புரியாமல் போகுமா? ஆனால் நான் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "புரியல அப்லா," என்றேன். ஆபீஸ் ஜன்னல்களில் தப்பிக்கப் பழகிய முகம். அதை அவளிடமே காட்டினேன்.

அவள் ஹரிணியின் தோளைத் தொட்டு, "உங்க அம்மாகிட்ட அவ மொழியில கேளு," என்று அதே கேள்வியைச் சொன்னாள்.

ஹரிணிக்குப் பத்து வயது. பெரியவர்களுக்கு நடுவில் மொழிபெயர்ப்பது அவளுக்குப் பிடித்த வேலை. நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளியில் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"அம்மா, பெரியம்மா கேக்கறாங்க. மே மாசம் வேற ஃபாக்டரிக்குப் போகட்டுமான்னு உங்ககிட்டக் கேட்டாங்களாமா. நீங்க போக வேண்டாம், இருங்கன்னு சொன்னீங்களாமா." இங்கே கொஞ்சம் தடுமாறினாள். "ஆர்டர் மாமாவுக்குப் போகுதுன்னு... அப்பவே உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க."

தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தேன்.

ஹரிணி மடியிலிருந்து இறங்கி என் எதிரில் வந்து நின்றாள். இந்த முறை நூரான் எதுவும் சொல்லித்தரவில்லை.

"தெரியுமுங்களாம்மா?"

"தெரியும்," என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். ஹரிணி அதை மொழிபெயர்க்கவில்லை. நூரான் என்னைப் பார்க்கவும் இல்லை. என் மகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.